மூட்டு தெரியாவிட்டால் குழாய் ‘சீம்லெஸ்’ ஆகிவிடுமா?

கோவைப் பக்கம் பால் பதப்படுத்தும் நிலையங்களுக்குக் குழாய் வேலை செய்து கொடுக்கும் ஒரு வாசகரின் கடிதம் இது. பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தும் பட்டறை. வியட்நாமிலிருந்து 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாலிஷ் குழாய்களை ஏழு தடவை இறக்குமதி செய்திருக்கிறார்கள். 2022-லும் 2023 தொடக்கத்திலும் மூன்று லோடு, 2024 ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவே நான்கு லோடு. ஏழு பில் ஆஃப் என்ட்ரியிலும் (இறக்குமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) சிஎச்ஏ என்ற சுங்க ஏஜென்ட் போட்ட எண் 7304 41, அதாவது சீம்லெஸ், மூட்டில்லாதது. இப்போது சுங்கத் துறையின் ஆடிட் பிரிவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. குழாய் வெல்டிங் செய்தது, சரியான எண் 7306 40, அதற்கு சிவிடி என்ற கூடுதல் வரி உண்டு, ஆகவே 18,40,000 ரூபாயும் வட்டியும் கட்டுங்கள் என்கிறது. முதல் மூன்று பில்லுக்கு 7,10,000, பிந்தைய நான்குக்கு 11,30,000. கூடவே, ஒரு தடவை கொண்டுவந்த 16 அங்குல கார்பன் ஸ்டீல் குழாயையும் தவறான தலைப்பில் (தீர்வை எண்ணில்) போட்டதாகச் சொல்லி, ‘தொடர்ந்து தவறான தகவல்’ என்ற வார்த்தையையும் சேர்த்திருக்கிறார்கள்.

வாசகர் கேட்பது இது: “குழாயில் மூட்டே தெரியவில்லை, விரலை விட்டுத் தடவினாலும் தட்டுப்படவில்லை. அப்புறம் எப்படி இது வெல்டட் ஆகும்? சிவிடி எல்லாம் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டதே? எண்ணைப் போட்டது சிஎச்ஏ, சரக்கை விடுவித்தது சுங்கம், நான் எப்படிப் பொறுப்பு? தம்பி மொத்தத்தையும் கட்டித் தொலைக்கலாம் என்கிறான். சிஎச்ஏ, பதிலே போடாதீர்கள், துறை வரி கேட்கக்கூடிய கெடு ஓடிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

அன்புள்ள வாசகருக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம்பி சொல்வதில் பாதி சரி. சிஎச்ஏ சொல்வது முழுக்கத் தவறு. ஸ்டெயின்லெஸ் குழாய் விஷயத்தில் ஆடிட் சொல்லும் தலைப்புதான் சரி. 16 அங்குலக் குழாயில் நீங்கள்தான் சரி. ஆனால் எந்த எண் சரி என்பதோடு இது முடிவதில்லை. எத்தனை வருடத்துக்குக் கேட்கலாம், எந்த விகிதத்தில் கேட்கலாம், அபராதம் போடலாமா என்ற மூன்று கேள்விகள் மிச்சம் இருக்கின்றன. உங்கள் பணம் அங்கேதான் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத மூட்டு

சுங்கத் தீர்வையில் குழாய்களைப் பிரிப்பது, அவை எப்படித் தோன்றுகின்றன என்பதை வைத்து அல்ல, எப்படிப் பிறந்தன என்பதை வைத்து. 7304 என்பது மூட்டே இல்லாமல் உருவானது: திடமான எஃகு உருளையைச் சூடாக்கி நடுவே துளைத்தோ, அச்சு வழியாகப் பிதுக்கியோ செய்வது. 7305-உம் 7306-உம் தகட்டைச் சுருட்டி விளிம்பைச் சேர்த்தவை. வட்டக் குழாயின் வெளிவிட்டம் 406.4 மி.மீ.-ஐத் தாண்டினால் 7305, மற்றவை 7306. சேர்த்த இடத்தை அப்புறம் உருட்டி அழுத்தினாலும், உலையில் வாட்டினாலும், கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டாலும் பிறப்பு மாறாது. பால் குழாய்க்கு உள்பக்கம் வழவழப்பாக இல்லாவிட்டால் பாக்டீரியா தங்கும் என்பதால்தான் ஆலைக்காரர் மூட்டை அழிக்க அவ்வளவு மெனக்கெடுகிறார். உங்கள் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் அவர் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நீங்கள் அனுப்பிய மில் டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்டின் (ஆலை தரும் சோதனைச் சான்று) நகலைப் பார்த்தேன். ஸ்பெசிஃபிகேஷன் ஏஎஸ்டிஎம் ஏ270 என்று இருக்கிறது. இது சீம்லெஸ், வெல்டட் இரண்டுக்கும் பொதுவான தரம் என்பதால் இந்த வரி யாருக்கும் சாட்சி சொல்லாது. இரண்டு வரி கீழே பாருங்கள்: மூலப்பொருள் என்ற இடத்தில் ‘காயில் எண்’, அதாவது தகட்டுச் சுருளின் எண், குறித்திருக்கிறார்கள். சீம்லெஸ் குழாய் காயிலிலிருந்து வராது. உங்கள் 50.8 மி.மீ. குழாயைச் செய்ய, 1.5 மி.மீ. கனமுள்ள தகட்டுச் சுருளை ஏறக்குறைய 155 மி.மீ. அகலப் பட்டையாக வெட்டி, ரோலர்களில் சுருட்டி, டிக் வெல்டிங்கில் சேர்த்திருப்பார்கள். சோதனைகளின் வரிசையில் ‘ரிவர்ஸ் ஃப்ளாட்டனிங்’ என்றும் இருக்கிறது. வெல்டட் குழாயின் மூட்டு பிளக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே உள்ள சோதனை அது.

இன்னும் சந்தேகமிருந்தால் பட்டறையிலேயே பார்த்துவிடலாம். மிஞ்சிய துண்டு ஒன்றின் முனையை நேராக வெட்டி, எமரித் தாளில் மெருகேற்றி, ஒரு உலோகப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து அமிலத்தில் எட்ச் செய்து காட்டச் சொல்லுங்கள். மூட்டு இருந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் மெல்லிய பட்டையாகத் தெரியும். நீங்கள் செய்யாவிட்டால் துறை செய்யும்.

எண் விஷயத்தில் இன்னொரு சின்னத் திருத்தம். ஆலைக்காரர் தந்த ஆரிஜின் சர்ட்டிஃபிகேட்டில் 7306 40 என்று இருப்பதைக் குறிப்பிட்டு, “அது வியட்நாம் எண், நமக்குப் பொருந்தாது” என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஆறு இலக்கம், சரக்குகளுக்கான உலகப் பொது எண் முறையான ஹெச்எஸ் ஒப்பந்தத்தில் உள்ள எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். ஏற்றுமதியாளர் போட்ட எண் நம் அதிகாரியைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் உங்கள் ஃபைலிலேயே, உங்கள் சப்ளையரே, வெல்டட் என்று சொல்லும் தாள் கிடக்கும்போது ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்வது கஷ்டம்.

சிவிடி என்றால் எது?

இங்கே நிறைய பேர் குழம்புகிறார்கள், தப்பில்லை. பெயர் ஒன்றாக இருப்பதுதான் தொல்லை. உள்ளூர் எக்ஸைஸ் வரிக்கு ஈடாக இறக்குமதியில் வசூலித்த கூடுதல் வரியைத்தான் அந்தக் காலத்தில் எல்லாரும் சிவிடி என்பார்கள். அது 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பெரும்பாலான சரக்குகளுக்கு, இறக்குமதியில் கட்டும் ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டிக்குள் கரைந்தது. உங்களிடம் கேட்பது அது அல்ல. வெளிநாட்டு அரசு தன் ஆலைகளுக்குக் கொடுக்கும் மானியத்தை ஈடுகட்டப் போடுகிற எதிரீட்டு வரி இது. சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வரும் வெல்டட் ஸ்டெயின்லெஸ் குழாய்களுக்கு 2019 செப்டம்பர் 17 அன்று ஐந்து வருடத்துக்கு விதித்தார்கள். உங்கள் ஏழு பில்லும் அந்தக் காலத்துக்குள் வருகின்றன. இனிமேல் வரும் லோடுக்கு, பில் போடும் நாளில் எந்த அறிவிப்பு நடப்பில் இருக்கிறது என்று அன்றன்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிட் கடிதத்தின் அட்டவணையை நன்றாகப் பாருங்கள். அடிப்படைச் சுங்க வரிப் பத்தியில் வித்தியாசம் பூஜ்யம். கேட்கும் தொகை முழுக்க சிவிடியும், அதன் மேல் ஏறும் 18% ஐஜிஎஸ்டியும்தான். இதனால் ஒரு நல்ல வழி திறக்கிறது. இந்த மாதிரி அறிவிப்புகளில் விகிதம் நாட்டுக்கு ஒன்று அல்ல, தயாரிப்பாளருக்கு ஒன்று. விசாரணையில் ஒத்துழைத்த ஆலைகளுக்குத் தனித்தனி வரிசையும் குறைந்த விகிதமும், மற்ற எல்லாருக்கும் கடைசியில் ஒரு உயர்ந்த விகிதமும் இருக்கும். உங்கள் பில்லில் சப்ளையர் என்று இருப்பது ஹோசிமின் நகரத்து ஏஜென்சியின் பெயர். ஆலையின் பெயர் இல்லை. ஆகவே ஆடிட் கடைசி வரிசையைப் பிடித்துக் கணக்குப் போட்டிருக்கிறது. மில் சர்ட்டிஃபிகேட்டில் ஆலையின் பெயர் இருக்கிறதே! அதை அறிவிப்பின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். சில வரிசைகள் தயாரிப்பாளர், ஏற்றுமதியாளர் இரண்டு பேரும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்று கேட்கும், அதையும் பார்த்துவிடுங்கள். பொருந்தினால் தொகை கணிசமாக இறங்கும். தலைப்பில் உங்களைக் கவிழ்த்த அதே தாள் விகிதத்தில் உங்களைக் காப்பாற்றலாம். இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

16 அங்குலக் குழாயில் நீங்கள்தான் சரி

“16 அங்குலமும் அதற்கு மேலும் 7305” என்று ஆடிட் எழுதியிருக்கிறது. தீர்வையில் இருப்பது ‘406.4 மி.மீ.-ஐத் தாண்டிய’ என்ற சொல். பதினாறை 25.4-ஆல் பெருக்குங்கள், சரியாக 406.4 வரும். தாண்டவில்லை. ஆகவே உங்கள் வெல்டட் கார்பன் ஸ்டீல் குழாய் நீங்கள் போட்டபடி 7306-க்குள்தான்.

குழாய்க்காரர் பேச்சில் அங்குலம் என்பது விசித்திரமான அளவு. 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ., 12 அங்குலத்துக்கு 323.9. பெயருக்கும் விட்டத்துக்கும் சம்பந்தமில்லை. 14 அங்குலத்திலிருந்துதான் பெயரும் வெளிவிட்டமும் ஒன்றாகின்றன. அதனால்தான் 16 அங்குலம் சரியாக எல்லைக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. குழாய்த் தரங்கள் வெளிவிட்டத்தில் கொஞ்சம் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கின்றன. ஏஎஸ்டிஎம் ஏ53-இல் இந்த அளவுக்கு ஒரு சதவீதம், அதாவது 4 மி.மீ. கூடவோ குறையவோ இருக்கலாம். அதிகாரி டேப்பைச் சுற்றி 407 என்று எடுத்துக் காட்டலாம். ஒரே ஹீட்டில் (ஒரே உருக்கில்), ஒரே ஆர்டரில் வந்த குழாய்களில் பாதி ஒரு தலைப்பிலும் மீதி இன்னொரு தலைப்பிலும் விழுவது அபத்தம் என்பதுதான் நம் பதில். ஆர்டரும் இன்வாய்ஸும் சர்ட்டிஃபிகேட்டும் 406.4 என்றே சொல்கின்றன என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இதில் வரி வித்தியாசம் இல்லையே, விட்டுவிடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். ‘தொடர்ந்து தவறான தகவல்’ என்ற குற்றச்சாட்டு இந்த ஒரு குழாயை நம்பித்தான் நிற்கிறது. இதை உடைத்தால் ‘தொடர்ந்து’ போய்விடும்.

எண் போட்டது சிஎச்ஏ, விடுவித்தது சுங்கம்

2011-லிருந்து இறக்குமதியில் சுய மதிப்பீடுதான். சுங்கச் சட்டம் 1962-இன் 17-ஆம் பிரிவுப்படி வரியைக் கணக்கிடுவது உங்கள் கடமை. சிஎச்ஏ உங்கள் சார்பில் கையெழுத்துப் போடுகிறார். அவர் கவனமாக வேலை செய்யவில்லை என்று உரிம விதிகளின் கீழ் புகார் செய்யலாம், நஷ்ட ஈடு கேட்கலாம், அது தனிக் கதை. வரி பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும்.

சரக்கு வெளியே வந்துவிட்டால் கதை முடிந்தது என்பதும் சரியில்லை. குறைவாகக் கட்டிய வரியைப் பின்னால் கேட்பதற்கென்றே 28-ஆம் பிரிவு இருக்கிறது. அதுவும் உங்கள் ஏழில் ஐந்து பில் சிஸ்டத்திலேயே பரிசோதனை இல்லாமல் வெளியே வந்தவை. அவற்றை ஒரு அதிகாரியும் கண்ணால் பார்க்கவில்லை. மீதி இரண்டில் பெட்டி திறந்து பார்த்ததாகக் குறிப்பு இருக்கிறது என்கிறீர்கள். அந்தப் பரிசோதனைக் குறிப்பின் நகலை எடுத்து வையுங்கள், பின்னால் உதவும்.

உங்கள் நண்பர் ஒருவர், “உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க அதிகாரமே இல்லை” என்றாராம். அவர் சொல்வது 2021-இல் டிஆர்ஐ (வருவாய்ப் புலனாய்வு இயக்ககம்) அதிகாரிகளைப் பற்றி வந்த தீர்ப்பு. 2024 நவம்பரில் மறுசீராய்வில் உச்ச நீதிமன்றமே அதை மாற்றிவிட்டது. அந்த வாதத்தை நம்பி இறங்க வேண்டாம்.

இரண்டு வருடமா, ஐந்து வருடமா

இதுதான் உங்கள் வழக்கின் இதயம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

சாதாரணமாகத் துறை இரண்டு வருடத்துக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கூட்டுச்சதி, வேண்டுமென்றே தவறான தகவல், உண்மையை மறைத்தல் இவற்றில் ஒன்று இருந்தால் ஐந்து வருடம். பிந்தைய நான்கு பில்லுக்கும் இரண்டு வருடம் இன்னும் தீரவில்லை. முதல் மூன்றுக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆக, அந்த 7,10,000 ரூபாயைக் கேட்க வேண்டுமானால் நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று துறை நிரூபிக்க வேண்டும்.

ஏழு பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் மூன்றில் சரக்கின் விவரம் ‘எஸ்எஸ் 304 பாலிஷ்டு டியூப்’. எண் மட்டும் 7304. பிந்தைய நான்கில் ‘எஸ்எஸ் 304 சீம்லெஸ் டியூப்’. இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று இன்வாய்ஸைத் தேடினேன். அதில் ‘சீம்லெஸ் ஃபினிஷ்’ என்று இருக்கிறது. வழவழப்பைப் பெருமையாகச் சொல்ல ஏஜென்சிக்காரர் போட்ட விளம்பர வார்த்தை. பில் டைப் அடித்தவர் ‘ஃபினிஷ்’ என்பதை விட்டுவிட்டார். ஒரே ஒரு சொல், ஆனால் சட்டத்தின் கண்ணில் இரண்டும் வேறு வேறு.

முதல் மூன்றுக்கு நல்ல பிடி இருக்கிறது. சரக்கின் விவரத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு தலைப்போ சலுகையோ தனக்குப் பொருந்தும் என்று நம்பிக் கேட்பது தவறான தகவல் ஆகாது என்று 1998-இல் நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. துறை திருப்பிக் கேட்கும்: “வெல்டட் என்று சொல்லாமல் விட்டது மறைத்தல் இல்லையா?” அதற்கு உங்கள் பதில், பில்லுக்கான தாள்களை இணையத்தில் ஏற்றும் இ-சஞ்சித்தில் இருக்கிறது. பில்லோடு என்னென்ன தாள் ஏற்றப்பட்டது என்ற பட்டியலை சிஎச்ஏவிடம் கேட்டு வாங்குங்கள். மில் சர்ட்டிஃபிகேட் அதில் இருந்தால், காயில் எண்ணோடு உள்ள அந்தத் தாள் முதல் நாளிலிருந்தே துறையின் கையில் இருந்தது. துறையின் கையிலேயே நீங்கள் கொடுத்த தாளை மறைத்ததாகச் சொல்வது கடினம். ஏற்றவில்லை என்றால் உங்கள் பிடி பாதியாகத் தளர்கிறது. இதை இந்த வாரமே தெரிந்துகொள்ளுங்கள்.

பிந்தைய நான்கில் விவரமே தவறு. வேண்டுமென்றே செய்யவில்லை என்று இன்வாய்ஸைக் காட்டிச் சொல்லலாம், நான் நம்புகிறேன். ஆனால் இரண்டு வருடத்துக்குள்ளேயே இருப்பதால் வரியைப் பொறுத்தவரை அந்த வாதமே தேவையில்லை, வரி எப்படியும் வரும். அபராதம் வராமல் தடுக்க மட்டும்தான் அது பயன்படும்.

முன்னால் இருக்கும் வழிகள்

பேசாமல் இருப்பதை முதலில் தள்ளிவிடுவோம். நீங்கள் பேசாமல் இருந்தால் கெடு உங்களுக்காக ஓடாது. கெடு முடியும் முன் துறை, விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸை அனுப்பிவிடும். பதில் தராததையே மறைத்ததற்கு இன்னொரு அடையாளமாக எழுதும். இதற்கிடையில் வருடம் 15% வட்டி. 11,30,000-க்கு மாதம் சுமார் 14,000 ரூபாய். வட்டி மட்டுமா, 114ஏ பிரிவில் வரிக்குச் சமமான அபராதம் என்றால் இன்னொரு 18,40,000. சிஎச்ஏ உங்களைப் பேசாமல் இருக்கச் சொல்வது அவருடைய உரிமத்தைக் காப்பாற்றவா, உங்கள் பணத்தைக் காப்பாற்றவா என்று யோசித்துப் பாருங்கள்.

மொத்தத்தையும் கட்டிவிடுவது தம்பியின் வழி. நிம்மதி கிடைக்கும். ஆனால் கெடு தாண்டிய 7,10,000-ஐ யாரும் நிரூபிக்காமலேயே கொடுக்கிறீர்கள். ஐந்து வருடக் குற்றச்சாட்டை நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆகும்.

நான் சொல்வது பிரித்துப் போவது. தயாரிப்பாளர் விகிதத்தைச் சரிபார்த்த பிறகு, நான்கு பில்லுக்கான வரியையும் வட்டியையும் நோட்டீஸ் வருவதற்கு முன்பே கட்டி, எழுத்தில் தெரிவியுங்கள். 28-ஆம் பிரிவின் 2-ஆம் உட்பிரிவுப்படி அப்படிக் கட்டியதற்கு நோட்டீஸும் கிடையாது, அபராதமும் கிடையாது. இதில் ஒரு ஆபத்து உண்டு, மறைக்க மாட்டேன்: வேண்டுமென்றே செய்தது என்று அதிகாரி நினைத்தால் பணம் கட்டிய பிறகும் நோட்டீஸ் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தாலும் கட்டிய தொகை கழிந்துவிடும். நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் மீதி வரி, வட்டியோடு 15% அபராதம் கட்டி முடித்துக்கொள்ளும் வாய்ப்பும் அப்போது இருக்கும். முழுத் தொகைக்கும் அந்த 15% என்பது 2,76,000. எதற்கு எவ்வளவு ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளத்தான் சொல்கிறேன்.

மூன்று பழைய பில்லுக்குக் கெடு தாண்டியது என்று பதில் எழுதுங்கள். 16 அங்குலக் குழாய்க்குத் தனியாக ஒரு பத்தி. நோட்டீஸ் வந்து, உத்தரவும் பாதகமாக வந்தால், கமிஷனர் (அப்பீல்ஸ்) முன் 60 நாளுக்குள் மேல்முறையீடு. மேல்முறையீட்டுக்கு முன்பே கட்ட வேண்டிய முன்வைப்பு 7.5%. அந்த மூன்று பில்லை மட்டும் எடுத்தால் 53,000 ரூபாய்தான். எதிர்த்துப் பார்ப்பதற்கு அது பெரிய விலை இல்லை.

இரண்டு சின்ன விஷயம். பணத்தை வெறும் சலானில் கட்டிவிட்டு வராதீர்கள், பில் ஆஃப் என்ட்ரியை மறு மதிப்பீடு செய்து தரச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். சிவிடி திரும்பி வராது, அது செலவுதான். அதன் மேல் கட்டும் ஐஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க முறையான ஆவணம் வேண்டும். அப்புறம் வட்டிக் கணக்கு. ஐஜிஎஸ்டி மாதிரியான கூடுதல் வரிகளுக்கு வட்டி கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொன்னதையடுத்து 2024 ஆகஸ்டில்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் ஏழு பில்லும் அதற்கு முந்தையவை. ஐஜிஎஸ்டி பகுதியின் வட்டியை ‘ஆட்சேபத்தோடு’ கட்டுகிறோம் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

சரக்கு பண்ணைகளில் பொருத்தியாகிவிட்டது, இனி என்ன பறிமுதல் என்று கேட்டீர்கள். சரக்கு கையில் இல்லாவிட்டாலும், பறிமுதலுக்குப் பதிலாகக் கட்டும் மீட்புத் தொகையை விதிக்கலாம் என்று நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ‘சீம்லெஸ்’ என்று எழுதிய நான்கு பில்லையும் சீக்கிரம் முடிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். 2025-இல் வந்த 18ஏ பிரிவின்படி நாமே திருத்திக்கொள்ளலாமா என்றால், ஆடிட் தொடங்கிவிட்ட பில்லுக்கு அந்தக் கதவு திறக்காது.

அடுத்த லோடு

சிஎச்ஏ புதிதாக ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: “இனி பால் இயந்திரத்தின் பாகம் என்று 8434 90-இல் போடலாம், சிவிடி வராது.” கேட்கவே வேண்டாம். 6 மீட்டர் நேர்க் குழாயைப் பார்த்து இது எந்த இயந்திரத்தின் பாகம் என்று யாராலும் சொல்ல முடியாது. அதே குழாய் ஹோட்டல் கைப்பிடியாகவும் போகலாம். வளைத்து, கிளை வைத்து, ஒரு குறிப்பிட்ட பாஸ்சுரைசருக்கென்றே செய்து வந்தால் அப்போது பேசலாம். எல்போ, டீ, ஃபெரூல் போன்றவை 7307. அவற்றைக் குழாயோடு ஒரே வரியில் போடாமல் பிரித்துப் போடுங்கள். பழைய எண்ணில் மாட்டிக்கொண்ட ஆறாவது மாதத்தில் புது எண்ணுக்குத் தாவினால், இந்த மூன்று பில்லைக் காப்பாற்ற நான் மேலே சொன்ன ‘பொருந்தும் என்று நம்பித்தான் போட்டோம்’ என்ற வாதத்தை நீங்களே குழி தோண்டிப் புதைத்த மாதிரி.

உண்மையிலேயே சந்தேகமான சரக்கு ஏதாவது கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே தீர்ப்பு வாங்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் சுங்க முன்தீர்ப்பு ஆணையம் இருக்கிறது. கிடைக்கும் தீர்ப்பு சில வருடம் செல்லும். ஆனால் உங்கள் பெயரில் ஏற்கனவே அதிகாரியிடம் நிலுவையில் இருக்கும் அதே கேள்வியை அங்கே எடுத்துப் போக முடியாது. வெல்டட் பாலிஷ் குழாய்க்கு அது தேவையும் இல்லை, பதில் தெளிவாக இருக்கிறது.

ஆர்டர் போடும்போதே சப்ளையரிடம் மூன்று விஷயத்தை இன்வாய்ஸில் எழுதச் சொல்லுங்கள்: வெல்டடா சீம்லெஸ்ஸா, எந்த ஆலை, வெளிவிட்டமும் கனமும் மில்லிமீட்டரில். ‘ஃபினிஷ்’ மாதிரி அலங்கார வார்த்தை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எஃகு இறக்குமதிக் கண்காணிப்பான சிம்ஸ் பதிவிலும் பில்லிலும் ஒரே எண் இருக்கட்டும். அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று இருப்பதைத்தான் ஆடிட்காரர்கள் முதலில் பிடிக்கிறார்கள்.

ஆடிட் கடிதத்துக்குப் பதில் தர 15 நாள் கொடுத்திருக்கிறார்கள், அதில் ஆறு நாள் போய்விட்டது. இ-சஞ்சித் பட்டியலும் ஆலையின் பெயரும் கைக்கு வராவிட்டால், நாளை மறுநாளே இன்னும் 15 நாள் கேட்டு ஒரு பக்கக் கடிதம் கொடுத்துவிடுங்கள். மெயிலில் அனுப்பினால் மட்டும் போதாது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் தபால் பிரிவின் சீலும் தேதியும் வாங்கி வாருங்கள்.